பச்சை மரம் உலர்த்தல்

பச்சை மரம் உலர்த்தல் என்பது, புதிதாக வெட்டிய மரத்தண்டிலோ கிளையிலோ தேங்கியிருக்கும் நீரை, மரம் வெடிக்காமலும் கோணாமலும் வெளியேற்றி, அது பயன்படப்போகும் இடத்தின் காற்றோடு ஒத்துப்போகும் நிலைக்குக் கொண்டுவரும் செயலாகும். மரம் பதப்படுத்தல் என்ற விரிந்த துறையின் ஒரு பகுதியாகிய இது, பெரிய அறுவை ஆலைகளில் உலர்த்தும் சூளைகளைக் கொண்டு நடத்தப்படுகிறது. கிண்ணம், கரண்டி, பொம்மை, உளிப்பிடி, சிறு பெட்டி போன்றவற்றைச் செய்யும் கைவினைஞரோ நிழல், காற்று, சிறிது மெழுகு ஆகியவற்றைக் கொண்டே இதைச் செய்துகொள்ள முடியும். கவாத்து செய்த கிளைகள், சாலை விரிவாக்கத்தில் வெட்டப்பட்ட மரங்கள், 2011இன் தானே புயலும் 2018இன் கஜா புயலும் வேரோடு சாய்த்தவை போன்ற மரங்கள் ஆகியன இத்தகைய வேலைக்கு உரிய மூலப்பொருள்களாகும். விறகுக்கடைக்குப் போகும் மரத்திலும் நல்ல வேலைக்குரிய துண்டுகள் கிடைப்பதுண்டு.

ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு குளிர்நாடுகளிலிருந்து வந்தது. தமிழகச் சமவெளியின் வெப்பத்தில் அதே தடிமனுள்ள பலகை சில மாதங்களிலேயே உலர்ந்துவிடும். இங்கு எழும் இடர் வேறு. நீர் மிக விரைவாகவும், ஒரே துண்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வெவ்வேறு வேகத்திலும் வெளியேறுவதுதான் மரத்தைக் கெடுக்கிறது. இத்துறையின் ஏறத்தாழ எல்லா நடைமுறைகளும் அந்த வேக வேறுபாட்டைக் குறைக்கும் முயற்சிகளே.

நீரும் சுருக்கமும்

மரத்தின் ஈரப்பதம் அதன் மொத்த எடையைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. முற்றாக உலர்த்தியபின் எஞ்சும் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எனவே புதிதாக வெட்டிய சில மரங்களில் அது 100 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. 9 கிலோ எடையுள்ள ஒரு பச்சைக் கட்டையின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதில் மரப்பொருள் 5 கிலோவும் நீர் 4 கிலோவும் உள்ளன என்று பொருள். அது 12 விழுக்காட்டுக்கு உலரும்போது 5.6 கிலோவாகக் குறைந்திருக்கும், அதாவது 3.4 கிலோ நீர் அந்தக் கட்டையை விட்டு வெளியேறியிருக்கும்.

இந்த நீர் இருவகைப்படும். மர உயிரணுக்களின் உட்குழிவுகளில் நிற்பது கட்டற்ற நீர். அவற்றின் சுவர்களில் ஊறிக்கிடப்பது கட்டுண்ட நீர். உலரும்போது கட்டற்ற நீரே முதலில் வெளியேறுகிறது; அதனால் எடை குறையுமேயன்றி மரம் சுருங்குவதில்லை. உட்குழிவுகள் காலியாகிச் சுவர்கள் மட்டும் நனைந்திருக்கும் நிலை நார் நிறைவு நிலை எனப்படும். பெரும்பாலான மரங்களில் இது 25 முதல் 30 விழுக்காட்டு ஈரத்தில் அமைகிறது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்கள் மெலிந்து மரம் சுருங்கத் தொடங்குகிறது. வெட்டிய சில நாள்களிலேயே கட்டையின் மேற்பரப்பில் கீறல் விழுவதற்கும் காரணம் இதுவே: மேலடுக்கு நார் நிறைவு நிலைக்குக் கீழே போய்ச் சுருங்க முற்படுகிறது, இன்னும் ஈரமாக உள்ள உட்பகுதி அதைச் சுருங்க விடுவதில்லை, இவ்விரண்டின் இழுபறியில் மேலடுக்கு பிளந்துகொள்கிறது.

சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. நெடுக்குவாட்டில் அது பொதுவாக 0.1 முதல் 0.3 விழுக்காடு மட்டுமே. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத்திசையில் அதைவிடப் பன்மடங்கு. ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும் தொடுதிசையிலோ ஆரத்திசையைப் போல ஏறத்தாழ இருமடங்கு. தேக்கு பச்சை நிலையிலிருந்து முற்றுலர்ந்த நிலைக்கு வரும்போது ஆரத்திசையில் சுமார் 2.5 விழுக்காடும் தொடுதிசையில் சுமார் 5.8 விழுக்காடும் சுருங்குகிறது. மரத்தச்சர்கள் அதை நம்பிக் கைவைப்பதற்கு இந்தக் குறைந்த அளவும் ஒரு காரணம். பல மரங்கள் இதைவிடக் கூடுதலாகச் சுருங்குகின்றன. ஆரத்தில் 4 விழுக்காடும் சுற்றளவில் 8 விழுக்காடும் சுருங்கும் மரத்தின் வட்டத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், குறுகிய ஆரத்தைச் சுற்றிவரப் போதுமான நீளம் சுற்றளவில் மிஞ்சுவதில்லை. அந்தப் பற்றாக்குறையே சுமார் 15 பாகை அகலமுள்ள ஆப்பு வடிவ வெடிப்பாக, மையம் வரை திறந்துகொள்கிறது. ஆகவே கடிகாரத்துக்கும் தட்டுக்கும் விரும்பி அறுக்கப்படும் முழு வட்டத் துண்டுகள் எவ்வளவு பொறுமையாக உலர்த்தினாலும் பிளப்பது வியப்புக்குரியதன்று. முழுதாகத் தப்பும் வட்டமே விதிவிலக்கு.

வெட்டியதும் செய்ய வேண்டியவை

மரத்தின் நீர்க்குழாய்கள் நெடுக்காக ஓடுவதால், குறுக்கே வெட்டிய முனைகளின் வழியே நீர் மற்றப் பரப்புகளைக் காட்டிலும் பத்து முதல் பதினைந்து மடங்கு விரைவாக வெளியேறுகிறது. எனவே வெட்டிய அன்றே முனைகளை அடைத்துவிடுவது உலர்த்தலின் முதல் வேலை. இரண்டு நாள் கழித்துப் பூசும் பூச்சு, அதற்குள் உருவாகிவிட்ட நுண்கீறல்களை மூடுமே தவிர ஆற்றாது. மேலைநாட்டுக் கடைசல்காரர்கள் இதற்கென விற்கப்படும் மெழுகுப் பால்மத்தைப் பூசுகின்றனர். உருக்கிய பாரஃபின் மெழுகு, தார், மிஞ்சிய எனாமல் பெயின்ட் இரண்டு மூன்று பூச்சு ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். சாணமும் மண்ணும் குழைத்து முனையில் அப்புவது இந்தியாவில் வழங்கிவரும் எளிய முறை. அது நீரை முற்றாகத் தடுப்பதில்லையாயினும் வேகத்தைத் தணிக்கிறது, செலவும் இல்லை. எந்தப் பூச்சாயினும் முனையோரத்தில் சிறிது மரம் கெடும் என்பதால், தேவையான நீளத்தோடு இருபுறமும் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுவது வழக்கம்.

அடுத்த வேலை கட்டையை மையத்தின் வழியே பிளப்பது. நெட்டி எனப்படும் நடு மையமும் அதைச் சூழ்ந்த இளமரமும் மற்றப் பகுதியினின்று வேறுபட்டுச் சுருங்குவதால், அவை உள்ளே இருக்கும்வரை எந்தக் கட்டையும் வெடிப்புக்குத் தயாராகவே இருக்கும். மையத்தைப் பிளந்து கட்டையை அரையாகவும் காலாகவும் ஆக்கிவிட்டால், முழு வட்டத்தில் வெடிப்பாக வெளிப்பட்ட அதே இழுவிசை இப்போது வெறும் வடிவ மாற்றமாகக் கரைந்துவிடுகிறது. மேற்சொன்ன கணக்கின்படி காற்கட்டையின் 90 பாகைக் கோணம் உலர்ந்தபின் ஏறத்தாழ 86 பாகையாகக் குறுகும், வெடிப்பு விழ வேண்டிய தேவையில்லை. பிளப்பதற்கு ஆப்பும் கோடரியும் ரம்பத்தைவிடச் சிறந்தவை. ரம்பம் நேர்கோட்டில் போய் நார்களைக் குறுக்கே அறுத்துவிடும். ஆப்போ நாரின் போக்கைப் பின்பற்றுவதால், அவ்வாறு கிடைக்கும் துண்டில் செய்த உளிப்பிடியும் கரண்டிக் காம்பும் எளிதில் முறிவதில்லை. பின்னல் நார் கொண்ட மரங்கள் ஆப்புக்கு அடங்குவதில்லையாதலால், அவற்றுக்கு ரம்பமே வழி.

பட்டையை உரிப்பதா விடுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பட்டை உலர்வை மெதுவாக்கும் என்பது உண்மையே. ஆனால் வண்டுகள் முட்டையிடுவதும் பூஞ்சை பரவுவதும் பட்டைக்கடியில்தான். வெப்பமும் ஈரமும் மிக்க தென்னிந்திய நிலையில் உரித்துவிட்டு நிழலில் வைப்பதே மேல்.

கிளைமரத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். சாய்ந்து நிற்கும் அகன்ற இலை மரங்களிலும் படுத்து வளரும் கிளைகளிலும் மேற்பக்கத்தில் இழுவிசை மரம் எனப்படும் மாறுபட்ட திசு உருவாகிறது. இது நெடுக்குவாட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு சுருங்குவதால், கிளையிலிருந்து அறுத்த பலகை எவ்வளவு கவனித்தாலும் வில்லாக வளைகிறது. கிளையைக் குட்டையான துண்டுகளாக்கிப் பொம்மைக்கும் பிடிக்கும் பயன்படுத்தலாம். நீண்ட பலகைக்கு அடிமரமே தகுந்தது.

அடுக்கும் முறை

பலகைகளையும் பிளந்த கட்டைகளையும் தரையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயரத்தில், சமதளமான தாங்கிகளின் மேல், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ரீப்பர் துண்டுகள் வைத்து அடுக்க வேண்டும். இந்த ரீப்பர்கள் 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே அளவாகவும், முன்பே உலர்ந்தவையாகவும் இருப்பதோடு, மேலிருந்து கீழ்வரை ஒன்றின் நேர்கீழே ஒன்றாக அமைய வேண்டும். ஒரு ரீப்பர் சற்றே விலகினாலும் அதன் மேலுள்ள பாரம் பலகையை அந்த இடத்தில் வளைத்து, வளைந்த நிலையிலேயே உலர்த்திவிடும். ரீப்பர்களுக்கு இடையே ஒன்றரை முதல் இரண்டு அடி போதும், மெல்லிய பலகைக்கு இன்னும் நெருக்கமாக. அடுக்கின் மேல் கற்களோ கனமான கட்டைகளோ ஏற்றி வைத்தால் மேலடுக்குகள் முறுக்கிக்கொள்ளாது.

மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள தாழ்வாரம் இதற்கு ஏற்ற இடம். கத்திரி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் திறந்தவெளியில் விட்ட பச்சைப் பலகை ஒரே வாரத்தில் கீறல் விட்டுவிடக்கூடும் என்பதால், அக்காலங்களில் காற்று நேராக வீசும் பக்கத்தைச் சாக்குத் தட்டியால் மறைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. உலர்வு ஏறத்தாழ நின்றுபோய்ப் பூஞ்சை தலைதூக்கும், அப்போது மறைப்பை எடுத்துக் காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களின் மிதமான வறட்சியே உலர்த்தலைத் தொடங்க இசைவான பருவம்.

கைக்கடக்கமான துண்டுகளுக்கு அடுக்கு தேவையில்லை. காகிதப் பையிலோ, அதே மரத்தின் சீவல் நிரப்பிய அட்டைப் பெட்டியிலோ போட்டு வீட்டின் நிழலான மூலையில் வைத்தால், துண்டைச் சுற்றிய காற்று தானே ஈரமாகி உலர்வின் வேகத்தைத் தணிக்கிறது. இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரம் வெளியேற வழியில்லாததால் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

எவ்வளவு உலர்ந்தால் போதும்

காற்றில் உலரும் மரம் ஒருபோதும் ஈரமற்றுப் போவதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலை எய்தியதும் நின்றுவிடுகிறது. காற்றின் சார்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரம் சுமார் 9 விழுக்காட்டிலும், 65 ஆக இருந்தால் சுமார் 12 விழுக்காட்டிலும், 80 ஆக இருந்தால் சுமார் 16 விழுக்காட்டிலும் சமநிலை கொள்ளும். சென்னைக் கடற்கரையில் திறந்த தாழ்வாரத்தில் உலர்த்தி முடித்த மரம், குளிரூட்டிய அறைக்குள் போனதும் மீண்டும் சுருங்குவதற்குக் காரணம் இதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 287ஆம் எண் தரநிலை, நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த வேலைக்கு எந்த மண்டலத்தில் எவ்வளவு ஈரம் ஏற்கத்தக்கது என்று பரிந்துரைக்கிறது.

இரு ஊசிகளை மரத்தில் குத்தி, அவற்றிடையே மின்தடையை அளந்து ஈரத்தைக் காட்டும் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. நார் நிறைவு நிலைக்கு மேல் அவற்றின் அளவீட்டை நம்ப முடியாது, தடித்த கட்டையின் உள்ளீரத்தையும் குட்டையான ஊசி எட்டுவதில்லை. சிறு வேலைக்காரருக்குச் சமையலறைத் தராசே நம்பகமான கருவி என்று துணிந்து சொல்லலாம். துண்டின் மேல் எடையையும் தேதியையும் எழுதி வாரந்தோறும் நிறுத்துவந்தால், தொடக்கத்தில் வேகமாகக் குறையும் எடை மெல்ல மெல்லத் தளர்ந்து, தொடர்ந்து சில வாரங்கள் மாறாது நிற்கும்போது உலர்வு முடிந்தது. துல்லியமான எண் வேண்டுமாயின், கட்டையின் முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி மெல்லிய வில்லை ஒன்றை அறுத்து, எடைபோட்டு, 103 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி, இழந்த எடையை எஞ்சிய எடையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

ஈரமாகவே கடைதலும் விரைவு முறைகளும்

முழுக் கட்டையை உலர்த்திவிட்டுப் பிறகு குடைவதைவிட, ஈரமாக இருக்கும்போதே குடைந்து மெலிதாக்கிவிட்டு உலர்த்துவது பெரும்பாலும் அறிவுடைய வழி. பச்சை மரம் உளிக்கு மென்மையாக இணங்கும், தூசியும் எழாது. மெல்லிய சுவரிலிருந்து நீர் சீராக வெளியேறும். சுருங்கும்போது தடுக்க உள்ளே கனமான மரம் இல்லாததால் வெடிப்பும் அரிது. கிண்ணம் கடைபவர்கள் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாகச் சுவரை விடுகின்றனர். 25 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 25 மில்லிமீட்டர். முனைநார் தெரியும் இடங்களில் மெழுகு பூசிச் சில மாதங்கள் வைத்தபின், நீள்வட்டமாகத் திரிந்துபோயிருக்கும் அந்தக் கிண்ணத்தை மீண்டும் கடைசலில் ஏற்றி வட்டமாக்கி முடிக்கின்றனர். ஒரே மரத்தில் குடமும் தண்டியும் குடைந்தெடுக்கப்படும் தஞ்சாவூர் ஏகாண்ட வீணையிலும் பலாமரத்தின் பருமன் குடைவதால்தான் குறைகிறது. ஈரமாகக் கடைவதற்கு நேர்மாறாக, கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏடிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்கள், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி உரசல் வெப்பத்தில் நிறமேற்றுவதால், அங்குக் கட்டை உலர்ந்திருப்பது இன்றியமையாதது.

ஈரத்தின் சுருக்கத்தைப் பகையாகக் கருதாமல் பயன்படுத்திக்கொள்ளும் மரபும் உண்டு. முக்காலியின் கால்களைச் சற்றே ஈரமாக விட்டு, நன்றாக உலர்த்திய குறுக்குச் சட்டங்களை அவற்றின் துளைகளில் அடித்து இறக்கினால், கால் உலர உலரத் துளை சுருங்கிச் சட்டத்தை ஆணியின்றியும் பசையின்றியும் கவ்விக்கொள்கிறது.

ஆலைகளின் சூளைகளில் வெப்பம், காற்றின் ஈரம், காற்றோட்டம் ஆகிய மூன்றும் படிப்படியாக மாற்றப்பட்டுச் சில நாள்களிலோ வாரங்களிலோ உலர்வு முடிக்கப்படுகிறது. 1906இல் நிறுவப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களின் பதப்படுத்தலில் நெடுங்கால ஆய்வு மரபு கொண்டது. சூளையை அவசரப்படுத்தினால் மேலடுக்கு விறைத்து உள்ளே இழுவிசை தேங்கிவிடுகிறது. அத்தகைய பலகை வெளியே குறையின்றித் தோன்றினாலும், நடுவே அறுத்ததும் இரு பாதிகளும் குழிந்து வளைந்துகொள்ளும். சிறு துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் ஓரிரு நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் சூடாக்கி உலர்த்துவோரும் உளர். தொடர்ந்து சூடாக்கினால் மரம் உள்ளிருந்தே கருகித் தீப்பிடிக்கும் என்பதால் இது கண்காணிப்பின்றிச் செய்யத்தக்கதன்று. நீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளை உயிரணுச் சுவர்களில் ஏற்றிச் சுருக்கத்தையே தடுக்கும் முறை, 1961இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட சுவீடனின் வாசா போர்க்கப்பலைக் காப்பதில் பெரிய அளவில் கையாளப்பட்டது. அதன் மரத்தின் மேல் இப்பொருளின் கரைசல் 1962 முதல் 1979 வரை தெளிக்கப்பட்டது. கைவினைஞர்களும் வட்டத் துண்டுகளுக்கு இதைப் பயன்படுத்துவதுண்டு, ஆனால் அதன்மேல் பசையும் வார்னிஷும் சரிவரப் பிடிப்பதில்லை.

மரம் நிற்கும்போதே உலர்த்தும் முறை ஒன்றும் வரலாற்றில் உண்டு. பர்மாவில் தேக்கின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதை அடுத்துள்ள வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, மரம் பட்டுப்போய் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நின்றபின் வீழ்த்தினர். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே இதற்குக் காரணம்.

பூஞ்சையும் உளுவும்

மரத்தின் மையத்தில் நிறம் செறிந்து உறுதியாக இருப்பது சேகு அல்லது வைரம். அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதி வெளிமரம். பூஞ்சைக்கும் வண்டுக்கும் உணவாகிற மாவுப்பொருளும் சர்க்கரையும் வெளிமரத்திலேயே சேமிக்கப்படுவதால், மரத்தை உளுத்துப்போகச் செய்யும் துகள்வண்டு வெளிமரத்தைத் துளைத்து மாவாக்கிவிட்டு வைரத்தைத் தொடாமல் விடுகிறது. ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை நீலக்கறைப் பூஞ்சை வாழும். அது மரத்தின் வலிமையைப் பெரிதும் குறைப்பதில்லை, நிறத்தைக் கெடுக்கும். மாமரமும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பயிராகும் ரப்பர் மரமும் இவ்விரு கேடுகளுக்கும் எளிதில் இரையாகின்றன. ரப்பர் மரத்தை வெட்டிய சில நாள்களுக்குள் அறுத்து, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்தபின் சூளையேற்றுவது தொழிற்சாலைகளின் நடைமுறை.

பச்சைக் கட்டைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ சில வாரங்கள் மூழ்கடித்து வைக்கும் பழைய வழக்கம் மாவுப்பொருளைக் கரைத்தும் சிதைத்தும் வண்டுக்கு உணவில்லாமல் செய்கிறது. தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்ற நம்பிக்கை நாட்டுப்புறத் தச்சர்களிடையே உண்டு. ஆனால் உளுப்பதைத் தீர்மானிப்பது வெட்டும் வேளையில் மரத்தில் இருக்கும் மாவுப்பொருளின் அளவு, அது மரத்தின் தளிர்ப்பையும் பருவத்தையும் சார்ந்தது. வண்டு ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தால், பன்னாட்டுச் சரக்குப் பெட்டி மரங்களுக்கு விதிக்கப்பட்டுள்ளபடி மையம்வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது அதைக் கொல்லும்.

சில தமிழக மரங்கள்

சிறு வேலைக்குப் பூவரசைவிட இணக்கமான மரம் தமிழகத்தில் குறைவு. அதன் பழுப்புச் செந்நிற வைரம் நன்கு மெருகேறும். ஹவாய்த் தீவினர் இதே மரத்தை மிலோ என்று அழைத்து உணவுக் கிண்ணங்கள் கடைந்தனர். வேம்பு பின்னல் நார் கொண்டது, பிளப்பதற்குக் கடினம், ஆயினும் பூச்சி அரிப்பை ஓரளவு தாங்கும். பலா வெட்டியபோது மஞ்சளாக இருந்து ஒளிபட ஒளிபடப் பழுப்பாகும். இறைச்சிக் கடைகளில் வெட்டுக்கட்டையாக நிற்கும் புளியமரம் மிகக் கடினமானது. உலர்ந்தபின் உளிக்கு அடங்காது என்பதால் ஈரத்திலேயே உருவம் கொடுத்துவிட வேண்டும். யாரும் மரமாகவே கருதாத சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கைவினைஞர்கள் மறுசிந்தனை செய்யலாம்: அதன் நெருங்கிய இனமான வட அமெரிக்க மெஸ்கைட் மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்றாகத் தச்சர்களிடையே பெயர்பெற்றது. கோணலான குட்டைக் கட்டைகளே கிடைப்பது இதன் குறை, வெளிமரத்தை வண்டு விடாது என்பது மற்றொன்று.

உலர்ந்த மரத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவருமுன், அது பயன்படப்போகும் அறையிலேயே இரண்டு வாரமாவது இருக்க விட்டு, பின்பு இரு பக்கங்களிலும் சம அளவில் இழைப்புளியோட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இழைத்தால் புதிதாக வெளிப்பட்ட பரப்பு தனியே ஈரம் இழந்து பலகை குழியும். எண்ணெயும் வார்னிஷும் ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்துவதில்லை. ஆகையால் அகலமான பெட்டி மூடியைச் சட்டத்தில் ஒட்டிவிடாமல், சட்டத்தின் உட்புறக் காடியில் பசையின்றிச் செருகி, மழைக்காலத்தில் விரியவும் கோடையில் சுருங்கவும் ஓரிரு மில்லிமீட்டர் இடம் விட்டு அமைக்கின்றனர்.